கல்லீரலுக்கு லேசர் ஆபரேஷன் இருக்கா டாக்டர்?

1/ தேன்கனிக்கோட்டை, தளி, அஞ்செட்டி பக்கம் இருந்து வர்றவங்க கேட்கிற கேள்வி இது. "ஈரல்ல கட்டியாம். கத்தி வைக்காம லேசர்ல எடுக்க முடியாதா? பெங்களூர்ல பண்ணுவாங்களாமே?" கேட்பதில் தப்பே இல்லை. ஓசூர் கம்பெனிகளில் இரும்புத் தகட்டையே லேசர் வெட்டுவதைப் பார்க்கிற ஊர்க்காரங்க நாம.

2/ ஆனா தகட்டுக்குள்ள ரத்தம் ஓடாது. கல்லீரலுக்குள் நிமிடத்துக்குச் சுமார் 1.5 லிட்டர் ரத்தம் ஓடுது. அங்கே வெட்டுவது சுலபம். ரத்தத்தை நிறுத்துவதுதான் கஷ்டம்.

3/ லேசர் பிறந்தது 1960இல். 1964இல் கார்பன் டை ஆக்சைடு லேசரை உருவாக்கியவர் மகாராஷ்டிரத்தில் பிறந்த குமார் படேல், அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில். இந்தக் கதிரைத் தண்ணீர் நன்றாக உறிஞ்சும். நம் திசுவில் பெரும்பகுதி தண்ணீர்தான். அதனால் கதிர் பட்ட இடம் ஆவியாகிப் பிளக்கும். 1960களின் கடைசியிலேயே விலங்குகளின் கல்லீரலில் இதைச் சோதித்துப் பார்த்துட்டாங்க.

4/ கிடைத்த பதில்? மெல்லிய ரத்தக்குழாய்கள் சூட்டில் மூடிக்கொண்டன. பெரிய குழாய்களைப் பழையபடி நூலால்தான் கட்ட வேண்டியிருந்தது. அடுத்து என்டி-யாக் லேசர் வந்தது. அது ரத்தத்தை நன்றாகவே உறையவைத்தது. ஆனால் வெட்டிய ஓரத்தில் நல்ல திசுவையும் சேர்த்து வேகவைத்தது.

5/ அதனால்தான் இன்றைக்குக் கல்லீரலை வெட்டும்போது பெரும்பாலும் அல்ட்ராசவுண்ட் அதிர்வில் திசுவை மட்டும் உடைத்து, குழாய்களை விட்டுவைக்கும் கருவியும், கிளிப்பும், நூலும்தான் கைகொடுக்குது. சின்னக் கட்டிகளை ஊசி விட்டுச் சுட்டு அழிக்கலாம். அதுக்கும் பெரும்பாலும் ரேடியோ அலை, மைக்ரோவேவ்தான்.

6/ லேசரே ஏமாத்துன்னு சொல்லலை. சர்க்கரை நோயால் கெட்ட விழித்திரைக்கும், சிறுநீரகக் கல்லை உடைக்கவும் அது அருமையான கருவி.

7/ என் கருத்து இதுதான். "இந்த வேலைக்கு லேசர் மட்டும் போதாது" என்ற பதிலை அந்த விலங்குகள் உயிரைக் கொடுத்துச் சொல்லியிருக்கு. அதை மறைச்சு, 'லேசர்'னு போஸ்டர் ஒட்டி ஆள் பிடிப்பது நோயாளிக்கும் துரோகம், அந்த உயிர்களுக்கும் துரோகம்.

8/ அதனால கருவியின் பேரைக் கேட்காதீங்க. இந்த மூணைக் கேளுங்க: கட்டி எத்தனை, எங்கே இருக்கு? எடுத்த பிறகு மிச்சக் கல்லீரல் உடம்புக்குப் போதுமா? இங்கே வருஷத்துக்கு எத்தனை கல்லீரல் ஆபரேஷன் நடக்குது?

9/ நிலத்தை அடமானம் வைக்கிறதுக்கு முன்னாடி சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையிலும் விசாரிங்க. கல்லீரல் மாற்று அறுவை சிகிச்சையே நடக்கிற இடம் அது. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தா மறக்காம எடுத்துட்டுப் போங்க.