நிறம் மாறும் கல்லும் என் பழைய மாணவன் ஒருவனும்

கொஞ்சம் நீளமான பதிவு. பாதியில் விட்டுவிடாமல் படியுங்கள்.

போன வாரம் என் மைத்துனர் வீட்டுக்குப் போயிருந்தேன். மகன் மூன்று முறை குரூப் 2 எழுதித் தேறவில்லை. அதற்குப் பரிகாரமாக விரலில் புது மோதிரம். 8 காரட் அலெக்ஸாண்ட்ரைட்டாம். விலை 65,000 ரூபாய். மனைவியின் வளையல் இரண்டை விற்று வாங்கியிருக்கிறார். "வெயில்ல நீலம், பல்பு வெளிச்சத்துல ஊதா. போடுறவங்க நேரத்தைப் பார்த்து மாறும் மாமா" என்றான் பையன். "சாஸ்திரத்தில் சொன்ன கல்" என்றார் அப்பா.

எந்த சாஸ்திரத்தில்? இந்தக் கல் ரஷ்யாவின் யூரல் மலையில், மரகதச் சுரங்கத்தில், 1830களில்தான் கண்டெடுக்கப்பட்டது. நோர்டென்ஷெல்ட் என்ற ஃபின்லாந்து அறிஞர் முதலில் மரகதம் என்றே நினைத்தார். கடினம் அதிகமாக இருந்ததால் சந்தேகப்பட்டார். இளவரசர் அலெக்ஸாண்டரின் பிறந்தநாளில் கிடைத்தது என்பது கதை. அவர் பெயரை வைத்தது மட்டும் நிஜம். ஜூன் மாதப் பிறப்புக்கல் என்கிறார்களே, அதுவும் 1952-இல் அமெரிக்க நகை வியாபாரிகள் பட்டியலில் சேர்த்தது. நம் வைடூரியம் இதே கிறைசோபெரில் குடும்பம் என்பது உண்மைதான். அந்த ஒரு உண்மையைப் பிடித்துக்கொண்டுதான் மற்ற பொய்யெல்லாம் ஏறுகிறது.

நிறம் மாறுவதற்கும் நம் நேரத்துக்கும் சம்பந்தமில்லை. கல்லில் துளியளவு குரோமியம் இருக்கிறது. அது மஞ்சள் ஒளியை விழுங்கிவிட்டு, பச்சையையும் சிவப்பையும் விடுகிறது. பகல் வெளிச்சத்தில் பச்சை, நீலம் அதிகம், அதனால் கல் பச்சை. குண்டு பல்பிலும் மெழுகுவத்தியிலும் சிவப்பு அதிகம், அதனால் கல் சிவப்பு. வெள்ளை எல்.இ.டி. விளக்கில் மாற்றம் மங்கிவிடும். உங்கள் யோகமும் எல்.இ.டி. போட்டால் மங்குமா?

பட்டை தீட்டுகிறவர்களைக் கேளுங்கள், அவர்களுக்குத் தெரியும் இதன் அருமை. ஒரே கல் ஒவ்வொரு பக்கத்திலிருந்து பார்த்தால் ஒவ்வொரு நிறம். எந்தப் பக்கம் மேலே வந்தால் மாற்றம் நன்றாகத் தெரியும் என்று பகலிலும் பல்பிலும் திருப்பித் திருப்பிப் பார்த்துத்தான் சக்கரத்தில் வைப்பார்கள். எடை போனாலும் போகட்டும் என்று நிறத்துக்காகத் தியாகம் செய்வார்கள். எடையைக் காத்தால் நிறம் போகும். இலங்கையிலும் பிரேசிலிலும் கிடைக்கிறது, நம் கேரளம், ஆந்திரத்திலும் உண்டு. நல்ல மாற்றமுள்ள இயற்கைக் கல் என்றால் ஒரு காரட்டுக்கே லட்சக்கணக்கில் விலை. 8 காரட் 65,000-க்கு எப்படி வரும்?

மோதிரத்திலிருந்து கல்லைக் கழற்றச் சொல்லி, தெரிந்த பத்தர் கடைத் தராசில் வைத்தேன். காற்றில் 1,600 மில்லிகிராம். நூலில் கட்டித் தண்ணீரில் தொங்கவிட்டால் 400 குறைந்தது. வகுத்தால் 4. அலெக்ஸாண்ட்ரைட் என்றால் ஒப்படர்த்தி 3.73, சுமார் 430 குறைந்திருக்க வேண்டும். 4 என்பது குருந்தக்கல்லின் எண். வனேடியம் சேர்த்து உலையில் செய்த குருந்தக்கல் நீலத்திலிருந்து ஊதாவுக்கு மாறும், நூறு வருஷமாகச் சந்தையில் இருக்கிறது. சந்தேகம் தீர ஆய்வகத்துக்கும் அனுப்பினோம். அதையே எழுதிக் கொடுத்தார்கள்.

செயற்கைக் கல் குற்றமில்லை. திருச்சிப் பக்கம் எத்தனையோ குடும்பங்கள் அதைத் தீட்டித்தான் சாப்பிடுகின்றன. செயற்கை என்று சொல்லி, செயற்கை விலைக்கு விற்றால் நானே பேத்திக்கு வாங்குவேன்.

விற்றவன் என் மாணவன். பெயர் எழுத மாட்டேன். தம்பி, இதை நீ படிப்பாய் என்று தெரியும். எட்டாம் வகுப்பில் ஆர்க்கிமிடீஸ் தத்துவம் நடத்தியபோது வாளியில் கல்லைத் தொங்கவிட்டுக் காட்டச் சொன்னது உன்னைத்தான். சரியாகச் செய்தாய், கைதட்டினோம்.

பில்லும் ஆய்வக அறிக்கையும் கல்லும் என் மேஜையில் இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை முழுக்க வீட்டில்தான் இருப்பேன். பணத்தோடு வா. காபி போடச் சொல்கிறேன்.