அக்காவும் பனிச்சறுக்கும்

உல்லாசப் பிரயாணம் என்று பேச்சு எழுந்தவுடன் நம் வீடுகளில் முதலில் பெட்டிக்குள் ஏறுவது எது? பட்டுப் புடவையா? கம்பளிச் சட்டையா? இல்லை, சகோதரிகளே! புளிக்காய்ச்சல் பாட்டில்தான். அதன் பின்னாலேயே பருப்புப் பொடி, வறுத்த ரவை, அப்பளம், ஊறுகாய் எல்லாம் வரிசையாக ஏறிக்கொள்ளும். கணவரும் குழந்தைகளும் அருவியைப் பார்த்துவிட்டு வருவார்கள். நாம் அறையில் பெட்டிகளுக்குக் காவல் இருந்து, அவர்கள் திரும்புவதற்குள் சூடாக ஏதாவது பண்ணி வைத்திருப்போம். இதற்குப் பெயர் விடுமுறை!

என் அக்காவும் இந்த ரகத்தைச் சேர்ந்தவள்தான். 2025 ஜனவரியில் அவளும் நானும் ஸ்விட்ஸர்லாந்தில் மியூரன் என்ற மலைக் கிராமத்தில் ஐந்து நாள் தங்கினோம். அக்காவின் மகன் ஜூரிக் நகரத்தில் உத்தியோகம் பார்க்கிறான். அம்மாவுக்கு ஐம்பது வயது நிறைந்ததற்கு அவன் கொடுத்த பரிசு இது. அத்தானுக்கு லீவு கிடைக்கவில்லை. துணைக்கு நான் போனேன். பையன் எங்களை ஹோட்டலில் கொண்டு விட்டுவிட்டு ஆபீஸுக்குத் திரும்பிவிட்டான்.

மியூரனுக்கு மோட்டார் காரில் போக முடியாது. லௌட்டர்புருன்னன் என்ற பள்ளத்தாக்கு ஊர் வரையில்தான் பெரிய ரயில். அங்கிருந்து கம்பிவடத்தில் தொங்கும் வண்டியில் செங்குத்தாக மேலே ஏறி, பிறகு மலை விளிம்பை ஒட்டி ஓடும் ஒரு குட்டி ரயிலில் போக வேண்டும். அந்த ரயில் 1891-லிருந்து ஓடுகிறது. கிராமத்தில் ஐந்நூறு பேர்கூட நிரந்தரமாக வசிக்கவில்லை. எதிரே ஐகர், மோங்க், யுங்ஃப்ராவ் என்று மூன்று சிகரங்கள், கையை நீட்டினால் தொட்டுவிடலாம் போல நிற்கின்றன. ஒரு வேடிக்கை பாருங்கள்: மியூரனின் உயரம் சுமார் 1,640 மீட்டர். நம் உதகமண்டலம் அதைவிட அறுநூறு மீட்டர் உயரத்தில் இருக்கிறது! ஆனால் பூமத்திய ரேகையிலிருந்து அத்தனை தூரம் வடக்கே தள்ளி இருப்பதால் அங்கே வீட்டுக் கூரைமேல் முழங்கால் ஆழத்துக்குப் பனி.

ஹோட்டல் என்றதும் பளிங்கும் லிப்டும் சலாம் போடும் சிப்பந்திகளுமாகக் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். முழுக்க முழுக்க மரத்தால் கட்டிய மூன்று மாடி வீடு. வாசலிலேயே பூட்ஸைக் கழற்றிவிட வேண்டும். (நம் வீட்டுச் சட்டம்தானே? அக்காவுக்கு அந்த இடத்திலேயே அவர்கள்மேல் ஒரு மதிப்பு வந்துவிட்டது.) நனைந்த பூட்ஸைக் கவிழ்த்து மாட்டுவதற்கு ஓர் அறை இருக்கிறது. ஒவ்வொரு பூட்ஸுக்குள்ளும் குழாய் வழியாக வெந்நிறக் காற்று அல்ல, இதமான சூட்டுக் காற்று இரவெல்லாம் போய்க்கொண்டிருக்கும். காலையில் கால் நுழைத்தால், அப்போதுதான் பெட்டி போட்ட துணியைப் போட்டுக்கொண்டது போன்ற சுகம். சாப்பாட்டு அறையில் ஓடு பதித்த பெரிய கணப்பு. முதல் நாள் எந்த மேஜையில் உட்கார்ந்தீர்களோ, கடைசி நாள் வரையில் அது உங்களுடையது. காலை ஆகாரமும் இரவுச் சாப்பாடும் வாடகையிலேயே சேர்த்தி. பகல் சாப்பாடு நம் பாடு.

இந்தக் கடைசி விஷயத்தைத்தான் அக்கா நம்பவில்லை. "இவங்க குடுக்கறதை நம்ம வயிறு ஏத்துக்குமா? நீ பேசாம இருடி, நான் பார்த்துக்கறேன்" என்றாள். மறுநாள் காலை ஆறரை மணிக்கு எண்ணெய் காயும் வாசனை கேட்டு விழித்தேன். ஜன்னலோரம் ஒரு சின்ன மின்சார அடுப்பு, அதன்மேல் கரண்டி, கையில் கடுகு டப்பாவுடன் அக்கா. நான் வாயைத் திறப்பதற்குள் கடுகு வெடித்தது. அடுத்த நிமிஷம் கட்டடம் முழுவதும் மணி அலறத் தொடங்கியது.

படுக்கை உடுப்போடு பத்துப் பன்னிரண்டு பேர் கீழே கூடிவிட்டார்கள். ஒரு குழந்தை அழுதது. அக்கா கரண்டியைக் கீழே வைக்கத் தோன்றாமல் அதையும் பிடித்துக்கொண்டே இறங்கி வந்தாள். வீட்டுக்கார அம்மாளுக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும். கரண்டியைப் பார்த்தார், அக்காவின் முகத்தைப் பார்த்தார். மற்றவர்களைப் பார்த்து ஒன்றுமில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டு, எங்களைக் கணப்பின் அருகே உட்காரவைத்துக் காப்பி கொடுத்தார். கோபித்துக்கொண்டிருந்தால்கூடத் தேவலை!

பிறகு நிதானமாகச் சொன்னார். மர வீடுகளுக்குப் பனி எதிரி அல்ல, நெருப்புத்தான் எதிரி. மலையிலிருந்து ஃபோன் என்ற உலர்ந்த வெப்பக் காற்று இறங்கி வீசும்போது ஒரு பொறி போதும். பக்கத்துப் பள்ளத்தாக்கில் உள்ள மைரிங்கன் ஊர் 1879-இல் ஒரு தடவை, 1891-இல் மறு தடவை எரிந்திருக்கிறது. அந்தக் காற்று அடிக்கும் நாட்களில் தெருவில் சிகரெட் பிடிக்கக் கூடாது என்று தடை போட்டு, இரவெல்லாம் ரோந்து சுற்றிய ஊர்கள் உண்டு. "இந்த வீட்டில் ஒரே அடுப்புத்தான், அது என்னுடையது. ஐந்து நாளைக்கு நீங்கள் விருந்தாளி" என்று இங்கிலீஷில் முடித்தார்.

மின்சார அடுப்பு பெட்டிக்குள் போயிற்று. ஆனால் அக்காவின் கை சும்மா இருக்குமா? அறையைச் சுத்தம் செய்யும் பெண் வருவதற்குள் படுக்கையை மடித்து, மேஜையைத் துடைத்து வைத்துவிட்டாள். அந்தப் பெண் போர்த்துகல் தேசத்தவள். மலை ஹோட்டல்களில் இப்படிப் பலர் வந்து வேலை செய்கிறார்கள். பனிக்காலம் முடிந்தால் வேலையும் முடிந்தது. அவள் சிரித்துக்கொண்டே, அக்கா மடித்ததைப் பிரித்துத் தன் முறைப்படி மறுபடியும் மடித்தாள். கைபேசியில் தன் மகளின் படத்தைக் காட்டினாள். குழந்தை பாட்டியிடம் வளர்கிறதாம். நாம் இதமாக இருப்பதற்காக யாரோ ஒருத்தி தன் வீட்டைவிட்டு வந்திருக்கிறாள் என்பது அக்காவை என்னமோ செய்துவிட்டது. அன்று முதல் படுக்கையைத் தொடவில்லை. காலை எட்டு மணிக்கு ஒரு வேலையும் இல்லாமல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். கல்யாணமாகி இருபத்தேழு வருஷத்தில் அதுதான் முதல் தடவை என்றாள்.

"சும்மா உக்காந்திருக்கறதுக்கு அந்தக் கட்டையைத்தான் கட்டிப் பார்க்கலாமே" என்று அவளே சொன்னபோது நான் திடுக்கிட்டுப் போனேன்.

இதற்குக் காரணம் ஒரு கல்தான். ரயில் நிலையத்தின் அருகே ஆர்னால்ட் லன் என்பவருக்கு ஒரு நினைவுக் கல் நாட்டியிருக்கிறார்கள். நாங்கள் எந்த ஊர் என்று வீட்டுக்கார அம்மாள் கேட்டார். சென்னை என்றோம்; பழைய பெயர் மெட்ராஸ் என்றோம். "அப்படியானால் லன் உங்கள் ஊர்க்காரர் அல்லவா?" என்றார். விசாரித்தால் விஷயம் உண்மை! இன்று உலகெங்கும் பனிச்சறுக்குப் பந்தயங்களில் கொடிக் கம்புகளுக்கு நடுவே வளைந்து வளைந்து இறங்குகிறார்களே, ஸ்லாலோம் என்று, அதை இன்றைய உருவத்தில் 1922-இல் இதே மியூரனில் முதன்முதலாக நடத்தியவர் லன். அவர் 1888-இல் நம் சென்னையில் பிறந்தவர். தகப்பனார் ஹென்றி லன் மெதடிஸ்ட் மிஷனரியாக வந்திருந்தார். பிற்பாடு அவரே பிரயாண ஏற்பாடுகள் செய்யும் தொழிலில் இறங்கி, குளிர்காலத்தில் பூட்டிக் கிடந்த மலை ஹோட்டல்களைத் திறக்கச் செய்து, ஆங்கிலேயர்களைக் கூட்டம் கூட்டமாக அழைத்துப் போனார். பனி வெயிலே படாத ஊரில் பிறந்த பிள்ளை பனிக்குச் சட்டம் வகுத்ததை என்னவென்று சொல்வது!

நம் பெண்களுக்கு இன்னும் பிடித்த செய்தி ஒன்று உண்டு. பெண்களுக்கென்றே ஒரு பனிச்சறுக்குச் சங்கம் 1923-இலேயே மியூரனில் ஏற்பட்டுவிட்டது. 1931-இல் அங்கே நடந்த முதல் உலகப் போட்டியில் பெண்களுக்கும் பந்தயம் வைத்தார்கள். எஸ்மே மக்கின்னன் என்ற பிரிட்டிஷ் பெண், இறக்கம், ஸ்லாலோம் இரண்டிலும் முதலாவதாக வந்தாள். ஒலிம்பிக்கில் இந்த இறக்கப் பந்தயங்கள் இடம்பெற்றது அதற்கும் ஐந்து வருஷம் கழித்து, 1936-இல்தான்.

சரி, கடைக்குப் போனோம். கட்டைகளை வாடகைக்குக் கொடுக்கும் பையன் ஒரு காகிதத்தை நீட்டினான். உயரம், எடை, வயது! அக்கா பேனாவை எடுத்து வயதில் நாலும் எடையில் ஏழும் குறைத்து எழுதினாள். நல்லவேளை, நான் எட்டிப் பார்த்துவிட்டேன். சகோதரிகளே, கல்யாண வீட்டில் எவ்வளவு வேண்டுமானாலும் குறைத்துச் சொல்லுங்கள். இந்தக் கடையில் மட்டும் வேண்டாம். பூட்ஸைக் கட்டையோடு பிணைக்கும் பிடிப்பு ஒன்று இருக்கிறது. விழும்போது அது தானாகத் திறந்து காலை விட்டுவிட வேண்டும். ஓடும்போது திறக்கவும் கூடாது. எத்தனை விசைக்குத் திறக்கலாம் என்பதை எடையையும் வயதையும் கணக்குப் பார்த்துத்தான் திருகி வைக்கிறார்கள். நாம் பெருமைக்குச் சொல்லும் பொய்க்கு முழங்கால் பதில் சொல்ல நேரும். பெண்களுக்கு முழங்கால் தசைநார் அறுவது ஆண்களைவிட அதிகம். முன்காலத்தில் காலைக் கட்டையோடு இறுக்கிக் கட்டிவிடுவார்களாம். விழுந்தால் எலும்பு முறிவுதான். ஹ்யால்மர் ஹ்வாம் என்ற நார்வேக்காரர் அமெரிக்காவில் தம் காலையே முறித்துக்கொண்ட பிறகுதான், தானாகத் திறக்கும் பிடிப்பு ஒன்றை 1939-இல் விற்பனைக்குக் கொண்டுவந்தார்.

அக்கா பெருமூச்சு விட்டு உண்மையான எண்களை எழுதினாள். இன்னொன்றும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பிரயாண இன்ஷூரன்ஸ் எடுக்கும்போது பனி விளையாட்டு அதில் சேர்த்தியா என்று கேட்டுக்கொள்ளுங்கள். சாதாரணப் பாலிசிகளில் அநேகமாக இருக்காது. மலைமேல் அடிபட்டால் ஹெலிகாப்டரில்தான் இறக்க வேண்டியிருக்கும்; அந்தச் செலவைக் கேட்டால் அங்கேயே இன்னொரு தரம் விழுவோம்.

சொல்லிக்கொடுத்த பெண்ணுக்கு இருபத்திரண்டு வயது இருக்கலாம். முதலில் விழக் கற்றுக்கொடுத்தாள்! பக்கவாட்டில், இடுப்பின்மேல் விழ வேண்டும். கையை ஊன்றக் கூடாது. எழுந்திருக்கும்போது இரண்டு கட்டையும் சரிவுக்குக் குறுக்கே இருக்க வேண்டும். சரிவைப் பார்த்து இருந்தால் எழுவதற்குள் வண்டி கிளம்பிவிடும். நிற்பதற்கு, கட்டைகளின் முன்நுனியை நெருக்கிப் பின்பக்கத்தை அகட்டிக்கொள்ள வேண்டும். பக்கத்தில் நாலு வயதுக் குழந்தைகள் வாத்துக் குஞ்சுகள் போலச் சரசரவென்று இறங்கிக்கொண்டிருந்தன. அக்கா முதல் மணி நேரத்தில் பதினோரு தடவை விழுந்தாள். நான் பதினான்கு. (நான் சின்னவள், அதனால் ஒன்றும் ஆகிவிடவில்லை.)

அன்று சாயங்காலம் அத்தான் டெலிபோனில் கூப்பிட்டார். "இந்த வயசுல இதெல்லாம் எதுக்கு? கையைக் காலை ஒடைச்சுக்கிட்டு வந்தா இங்க யார் பார்க்கறது?" அவர் குரல் எனக்கும் கேட்டது. அக்கா வழக்கமாக இதற்கெல்லாம் ஏதாவது சமாதானம் சொல்வாள். அன்று "சரிங்க, சாப்பாட்டுக்கு மணி அடிச்சாச்சு" என்று வைத்துவிட்டாள். படியில் இறங்கும்போது என் பக்கம் திரும்பி மெதுவாகச் சொன்னாள்: "ஒடைஞ்சா அவர்தான் பார்க்கணும். வேற யார் பார்ப்பா?"

நான் பதில் சொல்லவில்லை. உண்மையில் அவள் எலும்புக்காக என் வயிற்றிலும் பயம் இருந்தது. போகாதே என்று சொல்ல நாக்கு நுனி வரையில் வந்துவிட்டது. கேட்டால் நின்றுவிடுவாள் என்றும் தெரியும். அதனாலேயே கேட்கவில்லை.

சாப்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை. சைவக்காரர்கள் பட்டினி கிடக்க வேண்டியதில்லை. உருளைக்கிழங்கைத் துருவி முறுகலாகச் சுடும் ரோஸ்டி இருக்கிறது. மாக்கரோனியும் உருளைக்கிழங்கும் பாலாடைக்கட்டியும் கலந்து, ஆப்பிள் மசியலோடு போடும் இடையர் சாப்பாடு ஒன்று இருக்கிறது. அக்கா இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டாள். ரோஸ்டியில் பன்றி இறைச்சி சேர்ப்பதுண்டு, வேண்டாமென்று சொல்லிவிடுங்கள். ஆனால் கடுமையான ஆசாரக்காரர்களுக்கு எச்சரிக்கை: க்ரூயேர் போன்ற பேர்போன பாலாடைக்கட்டிகளுக்குக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் உறைபொருளைத்தான் சேர்க்கிறார்கள். இது தெரிந்த பிறகு சாப்பிடுவதும் விடுவதும் அவரவர் மனசு.

நாலாம் நாள் இரவு புதுப் பனி பெய்தது. வீட்டுக்கார அம்மாள் குழந்தை மாதிரி ஜன்னலண்டை நின்று பார்த்தார். தம் சின்ன வயதில் பனி இதைவிட முன்னாலேயே வந்து, பின்னால்தான் போகும் என்றார். தாழ்வான ஊர்களில் இப்போது இயந்திரம் வைத்துத் தண்ணீரைப் பீச்சிப் பனி செய்ய வேண்டியிருக்கிறது. பனி இல்லாவிட்டால் விருந்தாளி இல்லை. கணப்பு மூட்டி யாருக்காக?

கடைசி நாள் காலை அக்கா சரிவின் தலைப்பில் நின்றாள். கீழே சொல்லிக்கொடுத்த பெண் கையசைத்தாள். நாற்பது கஜம் இருக்கும். அக்கா குனிந்து, கட்டை நுனிகளை நெருக்கிக்கொண்டு, வாயை இறுக மூடியபடி இறங்கினாள். நடுவில் ஒரு தள்ளாட்டம். நான் "அக்கா!" என்று கத்தியே விட்டேன். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. அடியில் போய், தானாகவே நின்றாள். நின்ற பிறகுதான் விழுந்தாள். விழுந்தபடியே சிரித்தாள், எழுந்திருக்க யாரையும் கைகொடுக்க விடவில்லை.

மிச்ச ரவையும் அப்பளமும் பொட்டலம் பிரிக்காமல் சென்னைக்குத் திரும்பி வந்தன. அடுத்த தடவை அந்த இடத்தில் இன்னும் இரண்டு ஜோடி கம்பளிக் காலுறை வைத்துக்கொள்ளப் போவதாக அக்கா சொல்கிறாள். புளிக்காய்ச்சலைப் பற்றி இன்னும் முடிவு செய்யவில்லை.