டீச்சருக்கு டீச்சர் யார்?

ஜூன் மாதம் பிறந்துவிட்டால் நம் வீடுகளில் நடக்கும் அமர்க்களம் உங்களுக்குத் தெரியாததல்ல. குழந்தையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க வேண்டும். சம்பளம் எவ்வளவு, வண்டி வாசலுக்கு வருமா, சட்டை என்ன வர்ணம் என்று ஆயிரம் விசாரணை. எதிர் வீட்டு மாமி பேத்தியைச் சேர்த்துவிட்டு வந்து, "குடிக்கிற தண்ணி எந்தக் குழாயிலேருந்து வருதுன்னு கூடப் பார்த்துட்டேன்" என்றார்.

"வகுப்பு டீச்சர் எங்கே படிச்சிருக்கா, மாமி?" என்று கேட்டேன்.

மாமி ஒரு நிமிஷம் விழித்தார். "அதையெல்லாம் யாருடி கேட்பா!" என்றார்.

உண்மைதான். கத்தரிக்காயைக் கூடத் திருப்பித் திருப்பிப் பார்த்து வாங்குகிறவர்கள் நாம். குழந்தையைத் தினம் ஐந்தாறு மணி நேரம் யாரிடம் ஒப்படைக்கிறோமோ, அவருக்குச் சொல்லிக் கொடுத்தது யார் என்று கேட்பதில்லை.

இந்தக் கேள்வியையே தன் வேலையாகக் கொண்ட சங்கம் ஒன்று அமெரிக்காவில் இருக்கிறது. 'ஆசிரியர் கல்விக்கான அமெரிக்கக் கல்லூரிகள் சங்கம்' என்று பெயர். இது ஆசிரியர்கள் வைத்த சங்கம் அல்ல. ஆசிரியர்களைத் தயார் செய்யும் கல்லூரிகள் கூடி வைத்த சங்கம். இதன் கதையை உங்களுக்குச் சொல்ல ஆசை.

கதை மூன்று பெண்களிடமிருந்து ஆரம்பமாகிறது. பாடம் தெரிந்தவர் யாரும் பாடம் சொல்லலாம் என்று எண்ணியிருந்த காலம். மாஸசூஸெட்ஸ் மாநிலத்தில் ஹோரேஸ் மான் என்ற கல்வி அதிகாரி அதை ஒப்பவில்லை. அவருடைய முயற்சியால் 1839 ஜூலை 3-ஆம் தேதி லெக்ஸிங்டன் என்ற ஊரில் அந்நாட்டின் முதல் சர்க்கார் ஆசிரியப் பயிற்சிப் பள்ளி திறக்கப்பட்டது. அன்று வந்து சேர்ந்த மாணவிகள் மூன்றே பேர்! சைரஸ் பியர்ஸ் என்ற தலைமை ஆசிரியர் மனம் தளரவில்லை. பக்கத்திலேயே சிறு குழந்தைகளுக்கு ஒரு மாதிரிப் பள்ளி வைத்து, பயிற்சிப் பெண்களையே அங்கே பாடம் நடத்தச் செய்தார். தினம் இரண்டு தடவை தாமே போய் அரை மணி நேரம் உட்கார்ந்து கவனிப்பார். பிறகு குற்றம் குறைகளை எடுத்துச் சொல்வார். நீச்சலைத் தண்ணீரில் இறங்கித்தானே கற்க வேண்டும்?

அப்புறம் ஊருக்கு ஊர் இப்படிப்பட்ட பள்ளிகள் முளைத்தன, நாளடைவில் கல்லூரிகளாயின. ஒன்றில் பயிற்சி பலமாக இருக்கும்; இன்னொன்றில் பெயருக்கு இருக்கும். சான்றிதழைப் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான்! இதற்கு ஓர் ஒழுங்கு வேண்டும் என்று கல்லூரிகளே உணர்ந்தன. 1917-ல் ஒரு சங்கம் தோன்றியது. 1948-ல் அதுவும் வேறு இரண்டு அமைப்புகளும் ஒன்றாகி, இன்றைய சங்கம் பிறந்தது. உறுப்பினராக இருக்கும் கல்லூரிகள் தரமானவைதாமா என்று சோதித்து அங்கீகாரம் கொடுக்கும் வேலையையும் அதுவே பார்த்தது.

இங்கேதான் சிக்கல். நாம் வைத்த ரசத்துக்கு நாமே மார்க் போட்டுக்கொண்டால் நூற்றுக்கு நூறுதான். அடுத்த வீட்டுக்காரி வைத்ததற்குப் போடலாம் என்றாலோ, நாளைக்கு அவள் நம் ரசத்துக்கு மார்க் போட வருவாளே என்று கை இளகிவிடும். சங்கம் கூடிய விரைவில் இந்த வம்பிலிருந்து விலகிக்கொண்டது. 1954-ல் அந்தப் பொறுப்பைத் தனியாக ஒரு கவுன்சிலிடம் விட்டது. அதில் கல்லூரிகளுக்கு மட்டுமின்றி, பள்ளி ஆசிரியர்களுக்கும், மாநிலக் கல்வி அதிகாரிகளுக்கும், பள்ளி நிர்வாகக் குழுக்களுக்கும் இடம் இருந்தது. கையில் இருக்கும் அதிகாரத்தைப் பிறரிடம் கொடுக்க எத்தனை பேருக்கு மனம் வரும்? நம் வீட்டுச் சாவிக்கொத்தையே எடுத்துக்கொள்ளுங்களேன்!

அதோடு குறை தீர்ந்துவிடவில்லை. 1963-ல் ஜேம்ஸ் கோனன்ட் என்ற அறிஞர், ஹார்வர்ட் சர்வகலாசாலையின் தலைவராக இருந்தவர், ஆசிரியக் கல்வியைப் பற்றி ஒரு புத்தகம் எழுதிப் பெரிய பரபரப்பை உண்டாக்கினார். அந்தக் கவுன்சில் ஆலோசனை சொல்வதோடு நிற்க வேண்டும் என்றார். வகுப்பில் நின்று பாடம் நடத்திக் காட்டுவதே முக்கியமான பரீட்சை என்பது அவர் வாதம். சுற்றிச் சுற்றி, பியர்ஸ் உட்கார்ந்து கவனித்த அந்த அரை மணிக்கே வந்து சேர்ந்துவிட்டது விவகாரம்.

இந்த நூற்றாண்டில் சங்கம் அதையும் செய்து பார்த்தது. ஸ்டான்போர்ட் சர்வகலாசாலையோடு சேர்ந்து 2013-ல் ஒரு புதுவிதப் பரீட்சையை நாடெங்கும் கொண்டு வந்தது. பயிற்சி பெறுகிறவள் தான் பாடம் நடத்துவதைப் படம் பிடித்து, பாடத் திட்டத்தோடும் குழந்தைகள் செய்த வேலைகளோடும் அனுப்ப வேண்டும். முகம் தெரியாத ஒருவர் மார்க் போடுவார். தாட்சண்யத்துக்கு இடமே இல்லை. பேஷான ஏற்பாடு என்றுதானே தோன்றுகிறது?

ஆனால் கட்டணம் முந்நூறு டாலராக இருந்தது. ஏழை வீட்டுப் பெண் அதற்கு எங்கே போவாள்? ஆசிரியர் பஞ்சம் தலைவிரித்தாடும்போது வாசலில் இப்படியொரு தடையா என்று பலர் கேட்டார்கள். ஜார்ஜியா மாநிலம் 2020-ல் இந்தப் பரீட்சையைக் கைவிட்டது. நியூயார்க் 2022-ல் கைவிட்டது. வாசற்படியை உயர்த்தினால் நல்லவர்களும் தடுக்கி விழுகிறார்கள். இடித்துத் தள்ளினால் கண்டவர்களும் நுழைகிறார்கள். அந்தச் சங்கத்தின் தலைவலி இதுதான்.

எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். சங்கம் தன்னாலானதைச் செய்யட்டும். ஆனால் யாராவது கேட்கிறார்கள் என்று தெரிந்தால்தான் எந்த ஸ்தாபனமும் விழிப்போடு இருக்கும். அந்த 'யாராவது' நாமாக ஏன் இருக்கக் கூடாது?

இதையெல்லாம் மாமியிடம் சொன்னேன். மறுநாளே பள்ளிக்கூடத்துக்குப் போய், "உங்க டீச்சர் எங்கே பயிற்சி எடுத்துண்டா? எத்தனை நாள் குழந்தைகள் நடுவிலே நின்னு பழகினா?" என்று கேட்டிருக்கிறார். தலைமை ஆசிரியை கோபித்துக்கொள்ளவில்லை. அந்த டீச்சரையே கூப்பிட்டு விட்டாராம். அந்தப் பெண் தான் பயிற்சிக்குப் போன பள்ளிக்கூடத்தையும், முதல் நாள் கை நடுங்கியதையும், கடைசி பெஞ்சில் உட்கார்ந்து குறிப்பெடுத்த தன் ஆசிரியையையும் பற்றிக் கால் மணி நேரம் சந்தோஷமாகப் பேசினாளாம்.

"பாவம்டி, அவளை இதுவரைக்கும் யாருமே கேட்டதில்லையாம்" என்றார் மாமி.

அடுத்த ஜூனில் நீங்களும் கேளுங்கள். அதட்டலாக வேண்டாம், அன்பாகவே கேளுங்கள்.