ஈ.ஆர்.பி. பாடத்தை ஸ்டோர்ஸில் ஆரம்பியுங்கள்

நம் ஊர்க் கல்லூரிகளில் எம்.பி.ஏ., பி.பி.ஏ. பிள்ளைகளுக்கு ஈ.ஆர்.பி. மென்பொருள் பற்றி நடத்தும் அறிமுகப் பாடம் தலைகீழாக இருக்கிறது என்பது என் கட்சி. கோவையில் பம்ப் தொழிற்சாலைகளில் ஸ்டோர்ஸ், பர்ச்சேஸ், கணக்கு என்று முப்பத்தி நான்கு வருஷம் குப்பை கொட்டியவன் என்ற உரிமையில் இதை எழுதுகிறேன். பேராசிரிய நண்பர்கள் கோபித்துக்கொண்டால் நேரில் வந்து சண்டை போடலாம். காபி உண்டு.

ஈ.ஆர்.பி. என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்கு இரண்டு வார்த்தை. நம் காலத்தில் ஒரு பெட்டி பேரிங் கம்பெனிக்குள் வந்தால் அதை ஐந்து இடத்தில் எழுதுவோம். கேட்டில் செக்யூரிட்டியின் இன்வர்டு ரிஜிஸ்டர், ஸ்டோர்ஸில் பின் கார்டு, ஸ்டோர்ஸ் லெட்ஜர், பர்ச்சேஸில் ஆர்டர் ரிஜிஸ்டர், கடைசியாக அக்கவுண்ட்ஸில் பேரேடு. ஐந்தும் ஒன்றுக்கொன்று ஒத்துவராது. மாதக் கடைசியில் ஐந்து பேர் உட்கார்ந்து ராத்திரி பத்து மணி வரை டேலி பண்ணுவோம். இதை ஒரே இடத்தில் ஒரு முறை எழுதினால் எல்லா இலாகாவுக்கும் தெரியும்படி செய்வதுதான் ஈ.ஆர்.பி. நல்ல சங்கதிதான். எனக்கு அதன் மேல் எந்தப் பகையும் இல்லை.

பகை எல்லாம் பாடத்தின் மேல். எங்கள் தெருவில் எம்.பி.ஏ. இரண்டாம் வருஷம் படிக்கும் பெண் ஒருத்தி போன மாதம் தன் நோட்ஸைக் கொண்டுவந்து காட்டினாள். முதல் பக்கத்தில் மூன்றெழுத்தின் விரிவாக்கம். அடுத்து வரையறை. பிறகு நன்மைகள் பத்து, தீமைகள் ஆறு. அதன்பின் மாட்யூல்களின் ஜாபிதா: நிதி, சரக்கு, விற்பனை, உற்பத்தி, மனிதவளம். அப்புறம் மென்பொருள் விற்கும் கம்பெனிகளின் பெயர்கள். எல்லாம் மனப்பாடம். நான் ஒரே ஒரு கேள்வி கேட்டேன்.

"லாரியில சரக்கு வந்து இறங்கியாச்சு. பில் இன்னும் வரல. இன்னைக்கு மார்ச் 31. கம்பெனி கணக்கில என்னம்மா எழுதுவே?"

"அது எம்.எம். மாட்யூல்ல வரும் தாத்தா."

"மாட்யூல் இருக்கட்டும். அது கம்பெனிக்குக் கடனா, இல்லையா?"

பதில் இல்லை. கெட்டிக்காரப் பெண், வகுப்பில் முதல் மூன்று பேரில் ஒருத்தி. அவளைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. இதை யாரும் அவளுக்குச் சொல்லவே இல்லை. ஆனால் ஈ.ஆர்.பி.யின் உயிர்நாடியே இந்தக் கேள்விதான். சரக்கு நம் கையில் வந்துவிட்டது, ஆகவே கடன் பிறந்துவிட்டது. பில் வரவில்லை, ஆகவே இன்ன சப்ளையருக்கு இவ்வளவு என்று முடிவாக எழுத முடியாது. அதற்காக நடுவில் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். சரக்கு வந்ததும் அதில் ஒரு பக்கம் பதிவாகும். பில் வந்ததும் மறுபக்கம் பதிவாகி நேராகும். ஆர்டர் 500, வந்தது 480, பில் 500 என்றால் மூன்றையும் ஒப்பிட்டு, 480-க்கு மேல் பணம் போகாமல் மென்பொருள் நிறுத்தும். ஸ்டோர்ஸும் அக்கவுண்ட்ஸும் கைகோக்கும் இடம் அது. அதைச் சொல்லாமல் "ஒருங்கிணைப்பு" என்ற சொல்லை முப்பது தடவை எழுதவைத்து என்ன பிரயோஜனம்?

இன்னொன்று, இந்த மென்பொருளின் பூர்வீகம். பாடப்புத்தகத்தில் அது ஒரு வரியில் போய்விடுகிறது. 1960-களில் அமெரிக்கத் தொழிற்சாலைகளில் எம்.ஆர்.பி. என்று ஆரம்பித்தது. ஜோசப் ஆர்லிக்கி என்பவர் 1975-ல் அதைப் புத்தகமாக எழுதினார். ஜெர்மனியில் ஐ.பி.எம்.மை விட்டு வெளியேறிய ஐந்து பேர் 1972-ல் தொடங்கியதுதான் எஸ்.ஏ.பி. கம்பெனி. ஈ.ஆர்.பி. என்ற பெயரைக் கார்ட்னர் நிறுவனம் 1990-ல்தான் சூட்டியது. வேருக்கு முப்பது வயது ஆனபிறகு வைத்த பெயர். நம் பாடம் அந்தப் பெயரிலிருந்து ஆரம்பிக்கிறது!

எம்.ஆர்.பி. என்பது நம் கல்யாணச் சமையற்காரருக்குத் தெரியாத வித்தையா? ஐந்நூறு இலை என்று சொன்னவுடன் அவர் என்ன செய்கிறார்? இலைக்கு இரண்டு லட்டு, ஆக ஆயிரம் லட்டு. ஆயிரம் லட்டுக்குக் கடலைமாவு இவ்வளவு, சர்க்கரை இவ்வளவு, நெய் இவ்வளவு. வீட்டில் ஏற்கெனவே இருப்பதைக் கழி. கடைக்குச் சொல்லிவிட்டு இன்னும் வராததையும் கழி. மீதிதான் லிஸ்ட். அரிசியை ஒரு வாரம் முன்னால் வாங்கலாம், பாலை விடியற்காலை மூன்று மணிக்குத்தான் வாங்க வேண்டும். இதே கணக்குதான் பம்புக்கும். நூறு பம்புக்கு இருநூறு பேரிங், கையில் அறுபது, ஆர்டரில் ஐம்பது, ஆக வாங்கவேண்டியது தொண்ணூறு. ஆயிரக்கணக்கான உருப்படிகளுக்கு இதை ஒரே ராத்திரியில் போட்டுக் கொடுப்பதுதான் கம்ப்யூட்டரின் சாமர்த்தியம். ஆனால் வீட்டில் நெய் எவ்வளவு இருக்கிறது என்று தப்பாகச் சொன்னால் லிஸ்ட் முழுவதும் தப்பு. கம்ப்யூட்டர் அதையும் சுறுசுறுப்பாகத் தப்பாகவே போட்டுக் கொடுக்கும்.

நான் கடைசியாக வேலை பார்த்த இடத்தில் (பெயர் வேண்டாம்) நடந்தது இது. பவுண்டரியிலிருந்து காஸ்டிங் கிலோ கணக்கில் வாங்குவோம். அசெம்பிளிக்கு எண்ணிக்கையில் கொடுப்போம். மென்பொருள் நிறுவ வந்த இளைஞர்கள் டை கட்டி வந்தார்கள், ஏ.சி. அறையில் உட்கார்ந்தார்கள். ஒரு காஸ்டிங் சராசரி 12.5 கிலோ என்று பதிந்துவிட்டுப் போனார்கள். எங்கள் ஸ்டோர் கீப்பர், இருபத்தைந்து வருஷ சர்வீஸ், சொல்லிப் பார்த்தார்: "ஏனுங்க சார், ஒவ்வொரு ஊத்துக்கும் எடை மாறுமுங்க." காதில் வாங்கவில்லை. ஒரு நாள் நானூறு காஸ்டிங் வந்தது, எடை 5,080 கிலோ. மென்பொருள் வகுத்துப் பார்த்து 406 என்று சொன்னது. இல்லாத ஆறு காஸ்டிங் திரையில் உட்கார்ந்துகொண்டது. ஒவ்வொரு லோடுக்கும் இப்படி. நாலைந்து மாதத்தில், திரையில் இருப்பு இருக்கிறதே என்று எம்.ஆர்.பி. ஆர்டர் போடாமல் விட, ரேக் காலி, அசெம்பிளி நின்றது.

மெமோ யாருக்கு வந்தது? ஸ்டோர் கீப்பருக்கு. இருப்பு ஏன் குறைகிறது என்று விளக்கம் கேட்டு! எண்ணிக்கையையும் எடையையும் தனித்தனியாகப் பதியும் வசதி அந்த மென்பொருளிலேயே இருந்தது என்று பிறகு தெரிந்தது. அதைக் கேட்டு வாங்குவதற்கு, காஸ்டிங்கைக் கையால் தொட்டவர் ஒருவர் அந்த ஏ.சி. அறையில் இருந்திருக்க வேண்டும். அதுவரை அவர் நாற்பது பக்க நோட்டில் பென்சிலால் சரியான கணக்கு வைத்திருந்தார். சூப்பர்வைசர்கள் அவருக்குத்தான் போன் போட்டார்கள், திரையைப் பார்க்கவில்லை. நம் பாடப்புத்தகத்தில் இந்த நோட்டுக்கு என்ன பெயர் தெரியுமா? "ஊழியர்களின் எதிர்ப்பு மனப்பான்மை". எனக்கு ஆத்திரம் வருவது இந்த இடத்தில்தான்.

நம் ஊரில் மட்டும் இப்படி என்று நினைக்காதீர்கள். அமெரிக்காவில் ஹெர்ஷி என்ற சாக்லேட் கம்பெனி. சுமார் 11 கோடி டாலர் செலவழித்து 1999 ஜூலையில் புது மென்பொருளுக்கு மாறினார்கள். அக்டோபர் கடைசியில் ஹாலோவீன், அவர்களுக்கு அது நம் தீபாவளி மாதிரி. சுமார் 10 கோடி டாலர் ஆர்டருக்குச் சரக்கு அனுப்ப முடியவில்லை. சாக்லேட் இல்லாமல் இல்லை, இருந்தது. சீசன் நெருக்கடியில் அங்கே இங்கே தற்காலிகமாக அடுக்கிவைக்கும் இடங்கள் மென்பொருளில் பதிவாகவில்லை என்பது அப்போது எழுதப்பட்ட காரணங்களில் ஒன்று. ஜெர்மனியில் லிடில் என்ற மளிகைக் கடைத் தொடர் ஏழு வருஷம் உழைத்து, சுமார் 50 கோடி யூரோ செலவழித்து, 2018-ல் திட்டத்தையே கைவிட்டது. அவர்கள் இருப்பைக் கொள்முதல் விலையில் மதிப்பிடுவார்கள், மென்பொருள் விற்பனை விலையில் மதிப்பிடும் வழக்கம் கொண்டது என்று பத்திரிகைகள் எழுதின. கணக்கு முறை பற்றிய கேள்வி அது. நம் பி.காம். பிள்ளைக்குப் புரியக்கூடியது. இந்த இரண்டையும் பாடத்தில் "சவால்கள்" என்று இரண்டு வரியில் முடித்துவிடுகிறார்கள்.

வேலை கிடைக்க வேண்டுமே, திரையில் எங்கே அழுத்துவது என்று தெரிந்தால்தானே எடுப்பார்கள் என்று ஒரு பேராசிரியர் என்னிடம் வாதாடினார். நியாயம்தான், கடன் வாங்கிப் படிக்கவைக்கும் பெற்றோர் அதைத்தான் கேட்பார்கள். ஆனால் திரை எத்தனை நாள் நிற்கும்? எஸ்.ஏ.பி.யில் சரக்கு வரவு வைக்க ஒரு காலத்தில் எம்.பி.01 என்று தட்டினோம். பிறகு மிகோ என்று மாறியது. இப்போது பியோரி என்று வேறு முகமே வந்துவிட்டது. சரக்கு வரவு என்றால் என்ன என்று தெரிந்தவன் மூன்றிலும் வேலை செய்தான். பொத்தானை மட்டும் கற்றவன் ஒவ்வொரு தடவையும் பயிற்சி நிலையத்துக்குப் பணம் கட்டினான்.

ஆகவே முதல் மூன்று வாரம் கம்ப்யூட்டர் லேபைப் பூட்டிவைக்கட்டும். பிள்ளைகளைப் பீளமேட்டிலோ கணபதியிலோ ஒரு சின்னத் தொழிற்சாலை ஸ்டோர்ஸில் கொண்டுபோய் நிறுத்தட்டும். ஒரே ஒரு பேரிங், அதன் இன்டென்ட் முதல் சப்ளையருக்குச் செக் போகிறவரை, ஒவ்வொரு காகிதத்தையும் கையால் எழுதட்டும். ரேக்கில் எண்ணி, பின் கார்டோடு ஒப்பிட்டு, வித்தியாசம் எங்கே வந்தது என்று தேடட்டும். நாலாவது வாரம் லேபைத் திறந்தால் போதும். திரையில் ஒவ்வொரு கட்டமும் எதற்கு என்று அவர்களே சொல்வார்கள்.

படிப்பவர்களில் ஸ்டோர்ஸ், கணக்கு வேலை பார்த்து ஓய்வுபெற்றவர்கள் பலர் இருக்கிறீர்கள். பழைய பின் கார்டு, ஜி.ஆர்.என். புத்தகம் யாரிடமாவது பரணில் கிடந்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள், எனக்குச் சொல்லுங்கள். அந்தப் பெண் தன் கல்லூரியில் பேசி ஒரு சனிக்கிழமை வகுப்புக்கு ஏற்பாடு செய்வதாகச் சொல்லியிருக்கிறாள். அந்த ஸ்டோர் கீப்பரும் வர ஒப்புக்கொண்டிருக்கிறார். நோட்டையும் எடுத்து வருகிறாராம்.