வம்சத்தின் மேல் பழி போடலாமா?

“எங்கள் தாத்தா தொண்ணூறு வயதிலும் வயலுக்கு நடந்தே போனார். எங்கள் வம்சமே அப்படி!” என்று மார்தட்டும் நண்பர் உங்கள் வகுப்பிலும் இருப்பார். “எங்கள் வீட்டில் அறுபதைத் தாண்டினாலே படுக்கைதான், அது ரத்தத்திலேயே இருக்கிறது” என்று பெருமூச்சு விடுபவரும் இருப்பார். இருவருமே அவசரப்படுகிறார்கள் என்பது என் கருத்து.

முதலில் அவர்கள் பக்கத்து நியாயத்தைப் பார்த்துவிடுவோம். நம் ஆறாவது குரோமோசோமில் எச்.எல்.ஏ. என்னும் ஜீன்களின் கூட்டம் ஒன்று உண்டு. செல்லுக்குள் கிருமி புகுந்தால், அதன் துணுக்குகளை வெளியே நீட்டிக் காட்டும் புரதங்களை உண்டாக்குபவை இவையே. டி செல்கள் எனப்படும் வெள்ளணுக்கள் அந்தத் துணுக்கைப் பார்த்துத்தான் எதிரியை அடையாளம் காண்கின்றன. 1958-ல் இத்துறைக்கு வழி திறந்த பிரெஞ்சு விஞ்ஞானி ழான் தோசே, 1980-ல் வேறு இருவருடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். இந்த ஜீன்கள் ஆளுக்கு ஆள் வெகுவாக மாறுபடும். உடன்பிறந்த இருவருக்குக்கூட இவை முழுவதும் ஒத்துப்போக நான்கில் ஒரு வாய்ப்புத்தான். ஆகவே பிறப்பில் ஒன்றுமில்லை என்று நான் சொல்லவில்லை.

ஆனால் கதை அதோடு முடிந்துவிடுகிறதா?

ஒரே கருவிலிருந்து பிறந்த இரட்டையரை எடுத்துக்கொள்ளுங்கள். இருவருக்கும் ஜீன்கள் ஒன்றே. எல்லாம் ஜீன்களின் செயல் என்றால், இருவரின் தடுப்பாற்றலும் கடைசிவரை அச்சில் வார்த்தாற்போல இருக்க வேண்டுமல்லவா? அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தார் 8 வயது முதல் 82 வயது வரையுள்ள 210 இரட்டையரின் ரத்தத்தைச் சோதித்து, 2015-ல் முடிவை வெளியிட்டனர். ஒரு கரு இரட்டையரும் இரு கரு இரட்டையரும் அதில் இருந்தனர். ஒவ்வொருவரிடமும் இருநூறுக்கு மேற்பட்ட அளவுகளை எடுத்தார்கள். அவற்றில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கில், பரம்பரையைவிடப் பிற காரணங்களின் கையே ஓங்கியிருந்தது! சிறு வயதில் ஒத்திருந்த அளவுகள், வயது ஏற ஏற இரட்டையரிடையே விலகிப் போயின. 210 பேர் பெரிய கூட்டமல்லதான். என்றாலும் அலட்சியம் செய்யக்கூடிய முடிவல்ல.

அந்த ஆய்வில் என்னை மிகவும் வியக்க வைத்தது சைட்டோமெகலோ என்ற வைரஸ். பெரும்பாலோருக்கு அது வந்ததே தெரியாது. ஆனால் வந்தால் ஆயுள் முழுவதும் உடலிலேயே தங்கிவிடும். நம் நாட்டில் பெரும்பாலோருக்குச் சிறு வயதிலேயே தொற்றிவிடுகிறது. இரட்டையரில் ஒருவருக்கு மட்டும் இது தொற்றியிருந்த ஜோடிகளில், பாதிக்கு மேற்பட்ட அளவுகள் மாறிப்போயிருந்தன. ஒரே ஒரு வைரஸ் செய்த வேலை இது!

இதற்கும் முதுமைக்கும் என்ன தொடர்பு? மார்பெலும்பின் பின்னால் தைமஸ் என்னும் உறுப்பு இருக்கிறது. டி செல்களின் பள்ளிக்கூடம் என்றே அதைச் சொல்லலாம். வாலிபத்துக்குப் பின் அது சுருங்கிக்கொண்டே போய், முதுமையில் பெரும்பாலும் கொழுப்பாகிவிடுகிறது. புதிய மாணவர் சேர்க்கை அநேகமாக நின்றுவிடும். பழைய மாணவர்களைக்கொண்டே காலம் தள்ள வேண்டும். அவர்களிலும் பெரும் பகுதியினரை அந்த ஒரு வைரஸைக் காவல் காக்கவே அனுப்பிவிட்டால் மற்றக் கிருமிகளைக் கவனிப்பவர் யார்? சிறு வயதில் அம்மை போட்டபோது நரம்பு வேர்களில் ஒளிந்த வைரஸ், காவல் தளரும் முதுமையில் அக்கியாக வெளிவருவதும் இப்படித்தான். (அக்கிக்கு இப்போது தடுப்பூசி இருப்பது நம் பெரியவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?)

எனவே ஒருவருடைய முதுமையின் பெரும் பகுதி, அவர் குழந்தையாக இருந்தபோது குடித்த தண்ணீரிலும் உண்ட உணவிலும் வந்துபோன நோய்களிலும் போட்டுக்கொண்ட ஊசிகளிலும் எழுதப்படுகிறது என்று நினைக்கிறேன். அவற்றில் பல அவர் கையில் இருந்தவையும் அல்ல. ஊரின் கையில் இருந்தவை. ‘வம்சம்’ என்று சொல்லிவிட்டால் தெருச் சாக்கடையும் தண்ணீர்க் குழாயும் கேள்விக்கு ஆளாகாமல் தப்பிவிடும். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

இந்த விடுமுறையில் தாத்தாவிடமோ பாட்டியிடமோ உட்கார்ந்து கேளுங்கள்: பத்து வயதுக்குள் என்னென்ன நோய் வந்தது? குடிதண்ணீர் எங்கிருந்து எடுத்தீர்கள்? ஊருக்கு அம்மைத் தடுப்பூசி எப்போது வந்தது? அவர்கள் சொல்வதை ஒரு நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள்.