உண்மைக் கதைன்னா பேரை ஏன் மாத்துனாக?

இடைசெவலில் இருந்து கோவில்பட்டிக்கு பஸ் ஏறி வருஷத்துக்கு நாலு படம் பார்க்கிறவர் அந்த அக்கா. டைரக்டர் பெயரெல்லாம் தெரியாது. ‘உண்மைச் சம்பவம்’ என்று போட்டால் நிமிர்ந்து உட்காருவார்.

‘அமரன்’ பார்த்து அழுதார். முகுந்த் வரதராஜன் பெயரை அப்படியே வைத்ததில் திருப்தி. வருத்தம் ‘ஜெய் பீம்’ மீதுதான். “வக்கீல் சந்துரு பேரு இருக்கு. செத்துப்போன ராசாக்கண்ணு பேரு இருக்கு. கேஸு நடத்துன பார்வதிய மட்டும் செங்கேணி ஆக்கிட்டாகளே!” 1993-ல் நடந்ததைப் பேரனின் செல்போனில் தேடித் தெரிந்துகொண்டாராம்.

‘பைசன்’ நாயகன் கிட்டானுக்கு மூலம், அதே தூத்துக்குடி மாவட்டத்து மணத்தி கணேசன். 1994 ஹிரோஷிமா ஆசியப் போட்டியில் கபடித் தங்கம் வென்ற அணிக்காரர். “கபடிய இன்னும் கொஞ்சம் காட்டிருக்கலாம்” என்பது அக்கா தீர்ப்பு. (நியாயம்தான்!)

‘வாழை’ என்றால் குரல் இறங்கிவிடுகிறது. மாரி செல்வராஜ் சிறுவயதில் கண்ட லாரி விபத்து அது. வாழைத்தார் லோடு மேல் ஏறிப்போன கூலியாட்கள் செத்தார்கள். அக்கா பத்து வயதில், விடியுமுன் வரும் தீப்பெட்டி ஆபீஸ் வண்டியில் தூங்கிக்கொண்டே வேலைக்குப் போனவர்.

“லாரி கிளம்பையிலேயே எந்திரிச்சு வெளிய வந்துட்டேன்.”

மிச்சக் கதையைப் பேரன்தான் சொன்னானாம்.