மூணு காவியும் ஒரு மேற்குச் சுவரும்

பொங்கலுக்கு முன்னாடி வீட்டுக்கு வர்ணம் அடிக்கணும். சென்னையில இருக்கிற மகன் வாட்ஸ்அப்பில் மூன்று நிறம் அனுப்பினான்: காவி, செங்கல் சிவப்பு, மரூன். "மேற்குச் சுவர் முழுக்க அடிச்சிடலாம், எதுப்பா?" என்றான். போனில் எனக்கு மூன்றும் ஒன்றுதான்.

தொட்டியம் கடைவீதியில் சின்ன டப்பா மூன்று வாங்கி, வெள்ளைச் சுவரில் ஒவ்வொன்றிலும் ஒரு முழம் பூசினேன். காலையில் பெரிய வித்தியாசமில்லை. நாலு மணி வெயிலில் மரூன் கறுத்துப் போச்சு, செங்கல் சிவப்பு கண்ணைக் குத்தியது. காவி மட்டும் கோயில் மதில் பட்டை மாதிரி அமைதியாக இருந்தது. ஆனால் தொட்டுப் பார்த்தால் மூன்றுமே வெள்ளையைவிடச் சுட்டன. அந்தச் சுவருக்கு உள்பக்கம்தான் அம்மா படுக்கிறாங்க.

நம்ம பெரியவங்க காவியைத் திண்ணை ஓரத்திலும் சுவரின் அடியிலும்தான் பூசினாங்க. இரும்புத் துரு கலந்த மண் அது. வெயிலில் லேசில் வெளுக்காது, மழைச்சேறு தெறித்தாலும் தெரியாது. மேலே அடிச்ச சுண்ணாம்பு வெயிலைத் திருப்பி அனுப்பிடும். அழகும் இருந்தது, கணக்கும் இருந்தது.

மகனிடம் சொல்லிட்டேன்: "காவிதான் தம்பி, ஆனா அடியில் ரெண்டடி மட்டும். சந்தேகம்னா ஊருக்கு வந்து, சாயங்காலம் அப்பத்தா ரூம் சுவரைத் தொட்டுப் பாரு."